யாரும் விளையாடாத கேசட்

1995இல் ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாம் என்ற விளையாட்டு இயந்திரத்துக்காக ஒரு ஷோகி கேசட் விற்பனைக்கு வந்தது. ‘ஹயஸாஷி நிடான் மோரிடா ஷோகி 2’ என்று பெயர். ஷோகி என்பது ஜப்பானியர்களின் சதுரங்கம். இந்தக் கேசட்டை ஆசைப்பட்டு வாங்கி வைத்துக்கொள்ள இன்று யாருக்கும் காரணம் இல்லை. கதை கிடையாது, நாயகன் கிடையாது, முணுமுணுக்கும்படி ஒரு மெட்டுகூடக் கிடையாது. ஷோகி ஆட விரும்புகிறவருக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஆடும் செயலி கைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. நான் பார்த்த எந்த ‘தலைசிறந்த நூறு’ பட்டியலிலும் இது இருந்ததில்லை.

ஆனால் அதன் ஓட்டைப் பிரித்தால் உள்ளே எஸ்.டி.018 என்றொரு சில்லு உட்கார்ந்திருக்கிறது. ஆர்ம் வகையைச் சேர்ந்த 32 பிட் செயலி. வேகம் 21 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேல். அதைச் செருகி ஆடும் சூப்பர் ஃபாமிகாமின் சொந்தச் செயலியோ 16 பிட். முழுமூச்சாக ஓடினாலும் 3.58 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது. வீட்டைவிடத் திண்ணை பெரிதாக இருக்கிற கதை. வேறெந்த விளையாட்டிலும் இந்தச் சில்லு பயன்படவில்லை. சூப்பர் ஃபாமிகாம் கேசட்டுகளுக்குள் ஒளிந்திருந்த துணைச் சில்லுகளில் கடைசியாகப் பிடிபட்டது இதுதான். அதற்கு 2012 வரை ஆயிற்று.

இதை மீட்டவர்கள் ஷோகி ரசிகர்கள் இல்லை. நல்லது கெட்டது பாராமல் ‘எல்லாக் கேசட்டும் வேண்டும்’ என்று கிளம்பியவர்கள். ஊரெல்லாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறதோ அவர்களேதான்.

கேசட் என்ற சொல்லுக்கு இங்கேயே ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் கேட்ரிட்ஜ் என்பார்கள். தொண்ணூறுகளில் கோடை விடுமுறையைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் கழித்த நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அது ‘டிவி கேம் கேசட்’தான். ஜப்பானியர்களும் ‘கசெட்டோ’ என்றே சொல்கிறார்கள். ஆகவே கேசட் என்றே எழுதுகிறேன்.

பழைய விளையாட்டுக் கேசட்டுகளை ஒன்று விடாமல் சேர்த்து முடிக்கிறவர்களை, அதாவது ‘முழு செட்’ காரர்களைப் பற்றி எங்கும் ஒரே கருத்துதான் உலவுகிறது. அந்தக் கருத்துக்கு மூன்று வாய்கள். இணையத்தில் எல்லாமே கோப்பாகக் கிடைக்கும்போது பிளாஸ்டிக் டப்பாவுக்கு எதற்குக் காசு என்பது ஒரு வாய். விளையாட்டு ஆடுவதற்கா, அடுக்குவதற்கா? இது ரசனை இல்லை, எண்ணிக்கைப் பித்து என்பது இன்னொரு வாய். மூன்றாவது கொஞ்சம் மரியாதையான வாய். விவரம் தெரிந்தவன் நல்லதாக இருபது கேசட் வைத்திருப்பான், மீதி நூற்றுக்கணக்கானவையும் குப்பை, குப்பையையும் சேர்த்துக் கும்பிடுகிறவனுக்குத் தராதரம் தெரியாது என்று அது சொல்லும். இந்த மூன்றாவதோடுதான் எனக்கு உண்மையான சண்டை. மற்ற இரண்டுக்கும் பதில் சொல்லிக்கொண்டே அங்கே போய்ச் சேரலாம்.

கோப்பு இருக்கிறதே என்கிறார்கள். கோப்பு எங்கிருந்து வந்தது? கேசட்டிலிருந்து. யாரோ ஒருவர் அந்தக் கேசட்டை வைத்திருந்தார், ஒரு கருவியில் செருகினார், உள்ளிருந்த தரவை உருவியெடுத்தார். தொண்ணூறுகளில் இந்த வேலையைச் செய்தவர்களில் பலர் காப்பாளர்கள் இல்லை, திருட்டுப் பிரதி போட்டவர்கள். அவர்களுடைய கருவி விளையாட்டின் தரவை எடுக்கும். கேசட்டுக்குள் இருக்கும் பலகை எந்த வகை, எந்தச் சில்லு எங்கே எப்படி இணைந்திருக்கிறது என்பதையெல்லாம் விட்டுவிடும். சில கோப்புகளில் ஒரு பைட் அழுகியிருக்கும். சிலவற்றில் பூட்டை உடைத்தவர் தன் கைவரிசையையும் விட்டுப் போயிருப்பார். இந்தக் குவியலைத்தான் நாம் ‘எல்லாமே இருக்கிறது’ என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஏட்டைப் பார்க்காமல் மலிவுப் பதிப்பைப் பார்த்து உரை எழுதிய மாதிரி.

நியர் என்று ஒருவர். முன்பு ப்யூ என்ற பெயரில் அறியப்பட்டவர்; சூப்பர் நின்டெண்டோவை, அதாவது சூப்பர் ஃபாமிகாமின் அமெரிக்க வடிவத்தை, கணினியில் போலச்செய்யும் பிஎஸ்என்இஎஸ் என்ற எமுலேட்டரை எழுதியவர். ‘பெரும்பாலான விளையாட்டுகள் ஓடுகின்றன’ என்ற அளவில் மற்றவர்கள் திருப்திப்பட்டபோது அவர் திருப்திப்படவில்லை. அவர் காட்டிய உதாரணங்களைப் பாருங்கள். ‘ஸ்பீடி கொன்சாலெஸ்’ என்று ஒரு கேசட், கார்ட்டூன் எலியை வைத்து வந்த சுமாரான விளையாட்டு. அதன் 6-1 கட்டத்தில் ஒரு பொத்தானை மிதித்தால் அந்நாளைய பிரபல எமுலேட்டர்களில் விளையாட்டு அப்படியே உறைந்துவிடும். காரணம், எதனோடும் இணைக்கப்படாத ஒரு முகவரியிலிருந்து அந்த விளையாட்டு மதிப்பை வாசிக்கிறது. நிரல் எழுதியவரின் தவறு. ஆனால் உண்மையான இயந்திரத்தில் கம்பியில் மிச்சமிருக்கும் மின்னேற்றமே ஒரு மதிப்பாக வந்து விழுகிறது, இடையில் திரைக்கான தரவை நகர்த்தும் வேலை குறுக்கிடும்போது அந்த மதிப்பு மாறுகிறது, விளையாட்டு நகர்ந்துவிடுகிறது. ‘ஏர் ஸ்ட்ரைக் பட்ரோல்’ இன்னொன்று. விமானத்துக்குக் கீழே ஒரு நிழல் விழும். திரையின் ஒரு வரியை வரைந்துகொண்டிருக்கும்போதே பாதியில் அமைப்பை மாற்றி அந்த நிழலைக் கொண்டுவந்திருந்தார்கள். வரியை மொத்தமாக ஒரே வீச்சில் வரைகிற எமுலேட்டரில் விமானம் பறக்கும், நிழல் இருக்காது.

மாரியோவையும் செல்டாவையும் மட்டும் வைத்துக்கொண்டு சோதித்திருந்தால் இந்த இரண்டு உண்மையும் வெளியே வந்திருக்காது. நன்றாக எழுதப்பட்ட விளையாட்டு இயந்திரத்தின் ராஜபாட்டையில்தான் போகும். முட்டுச்சந்துகளைக் காட்டிக்கொடுப்பவை அவசரத்தில் எழுதப்பட்டவையும் அரைகுறையானவையும் யாரும் சீந்தாதவையும்தான். ‘நல்ல இருபது’ வைத்திருக்கும் ரசனைக்காரர் இயந்திரத்தின் முகத்தைப் பார்த்திருக்கிறார்; முழு செட் வைத்திருப்பவரிடம் அதன் எக்ஸ்ரே இருக்கிறது.

அதனால்தான் நியர் அமெரிக்காவில் வெளியான சூப்பர் நின்டெண்டோ கேசட்டுகள் மொத்தத்தையும் வாங்கத் தொடங்கினார். 721. அட்டைப்பெட்டியோடும் கையேட்டோடும். ஒவ்வொன்றையும் திறந்து, பலகையைப் பார்த்து, தரவை மறுபடி எடுத்து, பழைய கோப்புகளோடு ஒப்பிட்டார். பெட்டியையும் கையேட்டையும் ஸ்கேன் செய்தார். முடித்துவிட்டு என்ன செய்தார்? 2012இல் மொத்தத்தையும் 24,999 டாலர் விலை சொல்லி விற்பனைக்கு வைத்துவிட்டார். ‘எண்ணிக்கைப் பித்து’ என்று சொல்லும் வாய் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கட்டும். சேர்த்து முடித்தவர் அலமாரியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு பூட்டிவைக்கவில்லை. வேலை முடிந்தது, கைமாற்றிவிட்டு அடுத்த நாட்டின் கேசட்டுகளுக்குப் போனார். ஜப்பானில் அவை ஆயிரத்து நானூறுக்கும் மேல். ஐரோப்பியக் கேசட்டுகளை ஜெர்மனியிலிருந்து ஒரு சேகரிப்பாளர் நம்பிக் கடனாக அனுப்பிக்கொண்டிருந்தார். 2017 தொடக்கத்தில் ஏறக்குறைய நூறு கேசட் இருந்த ஒரு பெட்டி தபாலில் காணாமல் போனது. செய்தி பரவி, கொஞ்ச நாளில் பெட்டி கிடைத்தது. அதற்குள் அவர் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது.

அந்த ஷோகி கேசட்டுக்கு இன்னும் ஒருபடி மேலே போக வேண்டியிருந்தது. துணைச் சில்லுக்குள் பூட்டிக் கிடக்கும் நிரலைக் கேசட்டின் முனைகள் வழியாக வாசிக்க முடியாது. சில்லின் மேலுறையை அமிலத்தில் கரைத்து, உள்ளே இருக்கும் சிலிக்கனை நுண்ணோக்கியில் படம்பிடித்து, புள்ளி புள்ளியாகப் படித்தார்கள். ‘பைலட்விங்ஸ்’, ‘சூப்பர் மாரியோ கார்ட்’ இரண்டிலும் இருந்த டி.எஸ்.பி-1 சில்லும் இப்படித்தான் உண்மையாகத் திறக்கப்பட்டது. அதுவரை எமுலேட்டர்கள் அதன் வேலையை ஊகித்து நடித்துக்கொண்டிருந்தன. இந்த முறையில் சில்லு செத்துப்போகும். ஆகவே கொல்வதற்கு ஒன்று, வைத்துக்கொள்வதற்கு ஒன்று என்று தேடியலைய வேண்டும். ரசிகர்கள் சந்தா போட்டுப் பணம் திரட்டித் தந்தார்கள். யாரும் ஆடாத ஒரு ஷோகி விளையாட்டுக்காக! மேலோட்டமாகப் பார்த்தால் கிறுக்குத்தனம்தான். ஆனால் ‘ஒன்று பாக்கி’ என்ற உறுத்தல் இல்லாமல் வேறு எந்த உணர்ச்சியும் மனிதரை அந்தக் கடைசிச் சில்லு வரை கொண்டுபோயிருக்காது. அன்பு கொண்டுபோகாது, அந்த விளையாட்டின் மீது யாருக்கும் அன்பு இல்லை. பணமும் கொண்டுபோகாது, அதில் பணமே இல்லை.

சரி, மூன்றாவது வாய். தராதரம்.

தராதரம் பார்த்துப் பொறுக்குவதில் எனக்கு மறுப்பில்லை. பொறுக்குவதற்கு முன்னால் எல்லாமும் இருந்தாக வேண்டும் என்பதுதான் என் வாதம். எது நல்லது என்ற தீர்ப்பு தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. ‘மதர்’ என்ற விளையாட்டு 1989இல், சூப்பர் ஃபாமிகாமுக்கு முந்தைய ஃபாமிகாம் இயந்திரத்தில், ஜப்பானில் வந்தது. அமெரிக்காவுக்காக ஆங்கில வடிவம் முழுதாகத் தயாராகியும் கடைக்கு வரவில்லை. விற்காது என்று நினைத்தார்கள் போலும். மாதிரிக் கேசட்டுகள் சில மட்டும் வெளியே தங்கின. அதிலொன்று ஒருவரிடம் சிக்க, 1998இல் ரசிகர்கள் தங்களுக்குள் 400 டாலர் திரட்டிக்கொடுத்து உள்ளிருப்பதை எடுத்தார்கள். அதே ஆங்கில வடிவத்தை நின்டெண்டோ நிறுவனம் அதிகாரபூர்வமாக வெளியிட்டது 2015இல். இடையில் பதினேழு ஆண்டுகள் அதை உயிரோடு வைத்திருந்தது ‘விற்காது’ என்று சொன்னவர்களின் தராதரமா?

ஒரே விளையாட்டின் இரண்டு கேசட்டை எதற்கு வாங்குகிறீர்கள் என்பதும் அடிக்கடி வரும் நக்கல்தான். பாடபேதம் என்ற சொல்லைத் தன் மொழியில் வைத்திருப்பவர் இதைக் கேட்கக்கூடாது. 1998இல் வந்த ‘ஒக்கரினா ஆஃப் டைம்’ கேசட்டின் முதல் இரண்டு பதிப்புகளில் தீக் கோயிலின் பின்னணியில் இஸ்லாமிய ஓதலின் ஒலித்துண்டு வரும். இறுதி எதிரியின் குருதி சிவப்பாக இருக்கும். மூன்றாம் பதிப்பில் ஓதல் போய்விட்டது, குருதி பச்சையாகிவிட்டது. பின்னாள் மறுவெளியீடுகள் திருத்திய பாடத்தையே பின்பற்றின. ‘மைக் டைசன்ஸ் பஞ்ச்-அவுட்’ 1987இல் வந்தது. டைசனுடனான ஒப்பந்தம் முடிந்ததும் 1990இல் அவர் முகத்தை நீக்கிவிட்டு ‘மிஸ்டர் டிரீம்’ என்ற கற்பனைக் குத்துச்சண்டைக்காரரை வைத்து மறுபடி விற்றார்கள். இன்று அதிகாரபூர்வமாக ஆடக் கிடைப்பது மிஸ்டர் டிரீம் மட்டும். டைசன் பழைய கேசட்டில் இருக்கிறார். இரண்டையும் வாங்கி அடுக்கியவனைத்தான் ‘ஒரே விளையாட்டை இரண்டு முறை வாங்குகிறான் பார்’ என்று சிரித்தோம்.

இந்த இடத்தில் எனக்கு ரோஜா முத்தையாதான் நினைவுக்கு வருகிறார். கோட்டையூரில் இருந்துகொண்டு நல்ல நூல்களை மட்டும் அவர் சேர்க்கவில்லை. துண்டுப் பிரசுரம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கைக்கு வந்ததையெல்லாம் சேர்த்தார். அவர் பெயரில் சென்னையில் இருக்கும் நூலகத்துக்கு இன்று ஆய்வாளர்கள் தேடிப்போவதற்கு அவருடைய பொறுக்காத குணமும் ஒரு காரணம்.

முழு செட் காரர்கள் ‘பட்டியலுக்கு அடிமைகள்’ என்றும் சொல்கிறார்கள். எந்தப் பட்டியல்? நிறுவனம் அச்சிட்டுக் கொடுத்த பட்டியல் ஒன்று எங்கோ இருக்கிறது, இவர்கள் டிக் போடுகிறார்கள் என்று நினைப்பு. அப்படி ஒன்றுமே இல்லை. ஃபாமிகாமின் அமெரிக்க வடிவமான என்.இ.எஸ் இயந்திரத்துக்கு உரிமத்தோடு வந்த கேசட்டுகள் மொத்தம் எத்தனை என்பதற்கு இன்றுவரை ஒத்த பதில் கிடையாது. எழுநூறுக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் உறுதி. டெங்கன் நிறுவனம் முதலில் ‘பேக்-மேன்’ உள்ளிட்ட மூன்று விளையாட்டுகளை உரிமத்தோடு சாம்பல் ஓட்டில் விற்றது. பிறகு நின்டெண்டோவோடு முறைத்துக்கொண்டு அதே விளையாட்டுகளை உரிமமில்லாமல் கறுப்பு ஓட்டில் விற்றது. இவை மூன்றா, ஆறா? 1990இல் நடந்த நின்டெண்டோ உலகப் போட்டிக்கென்று செய்த கேசட்டுகளில் சாம்பல் நிறத்தில் 90, தங்க நிறத்தில் 26 வெளியே வந்தன. கடையில் விற்காத அவற்றைப் பட்டியலில் சேர்ப்பதா? முழுமை என்பது முன்கூட்டி வரைந்த கோடு இல்லை. சேர்த்துக்கொண்டே போகிறவர்கள், சண்டை போட்டுக்கொண்டே, எல்லையைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஜப்பானில் இந்தத் தேடல் இன்னும் விசித்திரமான இடத்துக்குப் போயிருக்கிறது. 1995 ஏப்ரலிலிருந்து 2000 ஜூன் வரை ‘சட்டெலாவியூ’ என்றொரு சேவை நடந்தது. சூப்பர் ஃபாமிகாமின் அடியில் ஒரு பெட்டியைப் பொருத்தினால் செயற்கைக்கோள் வழியாக விளையாட்டு இறங்கும். இறங்கியதை அழித்து எழுதக்கூடிய ஒரு சிறு நினைவுப்பொதியில் சேமிக்கலாம். ஒலிபரப்பு நின்றதோடு பல விளையாட்டுகள் காற்றோடு போயின. எஞ்சியவை எங்கே? பழைய பொருள் கடைகளில் கிடக்கும் நினைவுப்பொதிகளில். மேலே ஒட்டியிருப்பதோ பொதியின் பெயர் மட்டும். உள்ளே கடைசியாக யார் எதைச் சேமித்தார் என்று செருகிப் பார்த்தால்தான் தெரியும். ஒரே மாதிரிப் பொதியைப் பத்தாவது தடவை வாங்குகிற ஆளைப் பார்த்தால் கடைக்காரர் என்ன நினைப்பாரோ தெரியாது. அந்தப் பத்தாவது பொதியில் வேறு எங்குமே இல்லாத ஒன்று இருக்கக்கூடும்.

சரி, இவர்கள்மேல் குற்றமே இல்லையா? இருக்கிறது. விலையைப் பற்றிய குற்றச்சாட்டில் பாதி நியாயம். ‘ஸ்டேடியம் ஈவன்ட்ஸ்’ என்ற ஓட்டப்பந்தய விளையாட்டை பண்டாய் 1987இல் கொண்டுவந்தது. காலால் மிதித்து ஆடும் விரிப்போடு சேர்ந்தது. அதன் உரிமையை நின்டெண்டோ வாங்கி ‘வேர்ல்ட் கிளாஸ் டிராக் மீட்’ என்று பெயர் மாற்றி விற்றது. பழைய பெயரில் இருந்தவை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே விளையாட்டு. புதுப் பெயர்க் கேசட் பழைய பொருள் கடையில் சில டாலருக்குக் கிடைக்கும். பழைய பெயர்க் கேசட் ஒன்று பிரிக்காத பெட்டியாக 2010இல் 41,300 டாலருக்குப் போனது. அந்த விலைக்கு ‘செட் முடிய இது ஒன்றுதான் பாக்கி’ என்ற தவிப்பைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 2021இல் நடந்த கூத்தையும் இவர்கள் தலையில் கட்டுவது அநியாயம். அந்த ஜூலையில் ‘சூப்பர் மாரியோ 64’ கேசட் ஒன்று, பெட்டி பிரிக்காமல், அமெரிக்காவில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அபூர்வமான விளையாட்டா? உலகெங்கும் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. நின்டெண்டோ 64 வைத்திருந்த வீட்டில் அநேகமாக அது இருக்கும். முழு செட் சேர்ப்பவருக்கு அதில் ஒரு பழைய பிரதி போதும். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் கிடைத்துவிடும். ஏலத்தில் விலைபோனது விளையாட்டே இல்லை. பெட்டியைச் சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும், அதற்குத் தரநிர்ணய நிறுவனம் போட்ட 9.8 என்ற மதிப்பெண்ணும்தான். அதை வாங்கியவருக்குப் பக்கத்துக் கேசட் எது என்ற கவலை இல்லை. பிரிக்கவும் மாட்டார். பிரிக்காத கேசட்டில் எந்தப் பதிப்பு இருக்கிறது, தரவு கெட்டுவிட்டதா என்று யாராலும் பார்க்க முடியாது. அதைச் சேகரிப்பு என்றே நான் சொல்லமாட்டேன். நிலம் வாங்கிப் போடுவது போல ஒன்றை வாங்கிப் போடுகிறார்கள். ஊர் வாய் இந்த முதலீட்டுக்காரரையும் திருப்புளியோடு உட்கார்ந்திருக்கும் முழு செட் காரரையும் ஒரே பையில் போட்டுக் குலுக்குகிறது.

இன்னொரு குற்றமும் உண்டு, அது எனக்கு அதிகம் உறுத்துகிறது. வெளிவராத விளையாட்டின் ஒற்றை மாதிரிக் கேசட்டை வாங்கி, உள்ளிருப்பதை எடுத்து வெளியிட்டால் விலை இறங்கும் என்று பூட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். மாதிரிக் கேசட்டுகளில் இருப்பது பெரும்பாலும் புற ஊதா ஒளியால் அழித்து எழுதக்கூடிய இபிரோம் சில்லு. தொழிற்சாலையில் வார்த்த சில்லு போல அது நிலைக்காது. மின்னேற்றம் மெல்லக் கசிந்து ஒருநாள் பூஜ்ஜியங்களும் ஒன்றுகளும் குழம்பிவிடும். பூட்டிவைத்தவர் கடைசியில் காப்பது ஒரு காலி டப்பாவை. இவர்களை நான் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவர்களைப் பெயர் சொல்லித் திட்டி, கெஞ்சி, சந்தா திரட்டி, கேசட்டை வெளியே கொண்டுவருவதும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான். கோப்பு இருந்தால் போதும் என்று சொல்கிறவர் அந்தச் சண்டையில் ஒருநாளும் தலைகாட்டியதில்லை.

‘சேர்த்தவர்கள் ஆடுவதில்லை’ என்பதற்கு ஒரே வரிதான். அகராதி தொகுத்தவரிடம் எல்லாச் சொல்லையும் வாயால் சொல்லிப் பார்த்தீரா என்று யாரும் கேட்பதில்லை.

நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும், நூலகங்கள் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்களும் உண்டு. 1983இல் அடாரி தன்னுடைய விற்காத கேசட்டுகளை லாரியில் ஏற்றி நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தது. 2014இல் அவற்றைத் தோண்டியெடுத்தார்கள். அதில் ஒன்று இப்போது ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் இருக்கிறது. குப்பையாக இருந்தது முப்பது வருஷத்தில் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. நின்டெண்டோ தன் பழைய விளையாட்டுகளை விற்றுக்கொண்டிருந்த, வீ இயந்திரத்துக்கான இணையக் கடையை 2019 ஜனவரியில் மூடியது. வீ யூ, 3டிஎஸ் கடைகளை 2023 மார்ச்சில் மூடியது. அதே ஆண்டு ஜூலையில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் சட்டப்படி வாங்கக் கிடைக்காது என்றது அது. நூலகங்கள் வைத்திருக்கும், கடைகளில் இப்போது கிடைக்காத விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே அணுக அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. ஜப்பானின் தேசிய டயட் நூலகத்துக்கு இவ்வகை மின்னணு வெளியீடுகளைக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2000 அக்டோபரில். ஃபாமிகாமுக்குக் கடைசிக் கேசட் 1994இலேயே வந்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேசட்டுகள் சட்டத்துக்கு முன்னாலேயே பிறந்து வளர்ந்து முடிந்தவை.

இணையக் கோப்புக் களஞ்சியமும் அப்படியொன்றும் கற்கோட்டை இல்லை. பதினெட்டு ஆண்டு நடந்த எமுபாரடைஸ் தளம் 2018 ஆகஸ்டில் வழக்குக்குப் பயந்து தன் கோப்புகளை ஒரே நாளில் நீக்கியது. அன்று ‘எல்லாம்தான் இருக்கிறதே’ என்றவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. கேசட் வைத்திருந்தவர்களிடம் கேசட் அப்படியே இருந்தது.

முழு செட் காரர்களுக்காக இவ்வளவு வாதாடிவிட்டு, அவர்களிடம் எனக்கிருக்கும் ஒரு வழக்கையும் சொல்லாவிட்டால் சரியாகாது. அவர்களுடைய ‘முழு’வில் நம்முடைய கேசட் இல்லை. ஃபாமிகாமைப் பார்த்துச் செய்த போலி இயந்திரங்கள் தொண்ணூறுகளில் சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் குவிந்தன. அவற்றோடு மஞ்சள் ஓட்டுக் கேசட்டுகளும் வந்தன. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை ‘கான்ட்ரா’வையும் ‘மாரியோ’வையும் அறிந்தது அவற்றின் வழியாகத்தான். உரிமம் இல்லாதவை, யார் செய்தார்கள் என்ற முத்திரை இல்லாதவை என்பதால் பெரும்பாலான பட்டியல்களில் அவை ஏறுவதில்லை. ஷோகி கேசட்டுக்குக் காட்டிய பொறுமையை இதற்கும் காட்டியிருக்கலாம். நல்லது மட்டும் போதும் என்பவரைத் திட்டிவிட்டு, சட்டப்படி பிறந்தது மட்டும் போதும் என்று இவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. மேலே ஒட்டியிருக்கும் தாளில் ‘99,99,999 விளையாட்டுகள்’ என்ற தோரணையில் ஒன்பதுகள் வரிசையாக நிற்கின்றன. பிரித்தால் பெயர் பொறித்த சில்லு ஏதும் இல்லை. பச்சைப் பலகையின் நடுவில் தார் சொட்டு விழுந்த மாதிரி ஒரு கறுப்புப் பிசின். பட்டியலில் ஒவ்வொன்றாக இறங்கிப் போய்க் குறித்துக்கொண்டே வந்தேன். இரண்டாம் கட்டத்தில் தொடங்கும் அதே மாரியோ, முப்பது உயிரோடு தொடங்கும் அதே கான்ட்ரா, வேறு பெயரில் அதே வாத்து வேட்டை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. உண்மையில் இருப்பவை ஏழு. அந்த ஏழில் ஒன்று என்ன விளையாட்டு என்று இன்னும் பிடிபடவில்லை. தலைப்புத் திரையை யாரோ வெட்டியெடுத்திருக்கிறார்கள்.